“அம்மாட்டச் சொல்லாதேங்கோ”: புற்றுநோயாளரைப் பராமரிப்பவர் சுமக்கும் இரகசியம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம். கொழும்பில் எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா அழைத்தார். அம்மாவின் பயொப்சி முடிவு வந்திருந்தது. வைத்தியர் அம்மாவை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். சூலகப் புற்றுநோய். வயிற்றுக்குள் பரவிவிட்டது. நான் கொஞ்ச நேரம்கூட யோசிக்கவில்லை. “அம்மாட்டச் சொல்லாதேங்கோ அக்கா. அவ தாங்கமாட்டா” என்றேன். “சரி தம்பி” என்றார் அக்கா. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு மாதங்கள் அக்கா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ரிப்போர்ட்டுகளை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். ஏற்றிய மருந்தைக் “கட்டியைக் கரைக்கிற மருந்து” என்றார். தலைமுடி கொட்டியபோது அதற்கும் ஒரு காரணம் சொன்னார். பார்க்க வரும் உறவினர்களைப் படலையடியிலேயே மறித்து, என்ன கதைக்கலாம், என்ன கதைக்கக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். இரவில் அம்மா “எனக்கு என்ன வருத்தம் பிள்ளை?” என்று கேட்டால், பதில் சொல்ல அந்த வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். நான் 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தேன். ஒவ்வொரு நாளும் அழைத்தேன். ஒவ்வொரு நாளும் “அம்மா சாப்பிட்டவவா?” என்றுதான் கேட்டேன்.

புற்றுநோய் பற்றி நானும் செய்திகள் எழுதியிருக்கிறேன். மருந்துத் தட்டுப்பாடு, பழுதடைந்த இயந்திரங்கள், நாட்டைவிட்டு வெளியேறும் வைத்தியர்கள் என்று அந்தக் காலத்தில் எழுத நிறையவே இருந்தது. அந்தச் செய்திகளில் ஒன்றில்கூட நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் இடம்பெறவில்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

நிற்பவருக்கு ஏட்டில் இடமில்லை

இலங்கையில் ஒவ்வொரு வருடமும் 30,000க்கும் மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோயாளராக அடையாளம் காணப்படுகிறார்கள். பெண்களில் மார்பகப் புற்றுநோயும் ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் முன்னிற்கின்றன. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், தெல்லிப்பளை, மட்டக்களப்பு, கண்டி, காலி போன்ற இடங்களிலுள்ள சிகிச்சைப் பிரிவுகளிலும் சிகிச்சை இலவசம். இது சிறிய விடயமல்ல. அயல்நாடுகளில் வீட்டையும் காணியையும் விற்றுச் செய்யும் சிகிச்சையை இங்கே கிளினிக் கொப்பியோடு போய்ப் பெறலாம்.

ஆனால் அந்த இலவசச் சிகிச்சை நடப்பதற்கு வீட்டில் ஒருவர் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. விடிய முதல் பஸ்ஸைப் பிடிப்பது, இலக்கத்துக்கு நிற்பது, இரத்தப் பரிசோதனைக்கு வெளியே ஓடுவது, மோர்பின் மாத்திரையை மணி பார்த்துக் கொடுப்பது, புண் கழுவுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் வேலை. அவர் பெரும்பாலும் பெண். மகள், மனைவி, மருமகள், சில வேளைகளில் வயதான தாய்.

கடைகள் மற்றும் அலுவலகப் பணியாளர் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பதற்கென்று தனி விடுமுறை அதில் இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தனிக் கொடுப்பனவுகள் உள்ளன. புற்றுநோயாளரைப் பராமரிப்பவர் என்றொரு பிரிவு அதில் இல்லை. கிளினிக் கொப்பியிலும் நோயாளியின் பெயர், வயது, எடை, மருந்து எல்லாம் இருக்கின்றன. கூட வந்தவர் நித்திரை கொள்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று எழுத அங்கே இடமில்லை.

முன்பள்ளி ஆசிரியையான அக்காவுக்கு அப்போது 41 வயது. எட்டாம் மாதமளவில் அவருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. வெளிநோயாளர் பிரிவில் ஈசீஜீ எடுத்தார்கள். பிழையொன்றும் இல்லை, காஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சமூகத்தில் மனச்சுமை பெரும்பாலும் நெஞ்சுப் படபடப்பாகவும் தலையிடியாகவும் கைகால் உளைவாகவும்தான் வைத்தியசாலைக்கு வருகிறது. போர்க்காலத்து உளப் பாதிப்புகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இதைப் பல காலமாக எழுதி வந்திருக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறோம்?

பராமரிப்பவரின் சுமை என்றால் பணம், நேரம், உடற்களைப்பு என்றுதான் நினைக்கிறோம். எங்கள் குடும்பங்களில் இதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. நோயின் பெயர் முதலில் நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை, குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கணத்திலிருந்து அவர் தாதியாக மட்டுமன்றி இரகசியக் காவலராகவும் ஆகிறார்.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ‘கான்சர்’ என்ற சொல் எங்கள் காதுகளில் இன்னும் மரணமென்றுதான் கேட்கிறது. கிளினிக்கில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும்போது, அழும் நோயாளியைச் சமாளிப்பதைவிட உறவினரிடம் சொல்லி அனுப்புவது வைத்தியருக்கும் இலகு. குடும்பத்தில் கலியாணத்துக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் நோயின் பெயரை ஊருக்கு மறைக்கும் கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது. கெட்ட செய்தியை வயதானவர்களுக்கு மறைத்தோ தள்ளிப்போட்டோ அவர்களைக் காப்பாற்றும் பழக்கம் போர்க்காலத்திலும் எங்கள் வீடுகளில் இருந்தது. அன்பில்லாமல் யாரும் இதைச் செய்வதில்லை.

ஆனால் இதன் விலையை ஒருவரே கொடுக்கிறார். தன் பயத்தை மிக நெருக்கமான ஆளோடு பகிர முடியாமல், அதே ஆளுக்கு முன்னால் சிரித்தபடி அவர் நாட்களைக் கடத்த வேண்டும். நோயாளியும் தனித்துப் போகிறார். காணி உறுதி, நகை, கடைசியாகப் பார்க்க விரும்பும் ஆட்கள் என்று பேச வேண்டிய எதையும் பேச முடியாமல் போகிறது. இறந்த பிறகு பராமரித்தவரிடம் துக்கத்தோடு குற்ற உணர்வும் மிஞ்சுகிறது.

உளச்சிகிச்சை என்ன செய்யும்?

உளச்சிகிச்சை என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு மனநோய் வாட்டுத்தான் நினைவுக்கு வரும். பராமரிப்பவர்களுக்கென உருவாக்கப்பட்ட சிகிச்சைகள் அப்படிப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை ஐந்து முதல் எட்டு அமர்வுகள் கொண்ட, ஒழுங்குபடுத்தப்பட்ட உரையாடல்கள். ஒரு வகை, இன்றைய பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரித்து, முதலாவதற்கு ஒரு சிறு வழியைத் தேடுகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, “நான் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் அம்மாவுக்கு நோகுது” போன்ற எண்ணங்களை எடுத்து அவை உண்மையா என்று சோதிக்கிறது. அமெரிக்காவின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் விக்டர் பிராங்கிளின் சிந்தனையை அடியொற்றி நோயாளர்களுக்கென உருவாக்கிய ‘அர்த்தத்தை மையப்படுத்திய’ சிகிச்சையைப் பின்னர் பராமரிப்பவர்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைத்தார்கள்.

இவை எல்லாம் அற்புதம் செய்கின்றன என்று எழுதினால் அது பொய். 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 29 பரிசோதனைகளைப் பார்த்து, பராமரிப்பவர்களுக்குச் சிறிய முதல் நடுத்தர அளவு வரையான பயன் கிடைப்பதாகச் சொன்னது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைகளை மட்டும் எடுத்துக்கொண்ட 2017ஆம் ஆண்டின் இன்னொரு ஆய்வு, பயன் மிகச் சிறியது என்றும், கடுமையான முறையில் நடத்தப்பட்ட பரிசோதனைகளை மட்டும் பார்த்தால் அதுவும் மறைந்துவிடுகிறது என்றும் கண்டது.

இதனால் பயனில்லை என்று முடிவெடுக்க முடியாது. எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் பெரும்பாலும் கிராமப்புற மக்களைக் கொண்ட பகுதியில் 122 பராமரிப்பவர்களோடு நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2015இல் வெளியானது. பயிற்சி பெற்ற தாதியர் வாரம் ஒரு முறையாக மூன்று தடவை தொலைபேசியில் பேசினார்கள். பிறகு மாதாந்தம் ஓர் அழைப்பு. ஒரு பகுதியினருக்கு இது உடனே தொடங்கியது, மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்து. உடனே தொடங்கியவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அறையும் சாய்கதிரையும் இல்லாமல், ஒரு தொலைபேசியும் ஒரு தாதியும் சரியான நேரமுமே அங்கே போதுமாக இருந்தன.

இரகசியத்தைக் கையாள்வதற்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் ஒரு முறை இருக்கிறது. உறவினரிடம் “சொல்லித்தான் ஆகவேண்டும்” என்று வற்புறுத்துவதில்லை. ஏன் மறைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டு, அந்தக் காரணத்தை மதிக்கிறார்கள். அது உங்களுக்கு எப்படியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பிறகு, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அவரிடமே கேட்டுப்பார்க்க அனுமதி பெறுகிறார்கள். பல வேளைகளில் நோயாளிக்கு முக்கால்வாசி தெரிந்தேயிருக்கும். எங்கள் நாட்டில் பராமரிப்பவருக்கான உளச்சிகிச்சை இந்த மூன்று கேள்விகளில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலைநாட்டுக் கைநூல்களை அப்படியே மொழிபெயர்த்தால் இந்த இடம் தவறிப்போகும்.

இங்கே முடியுமா?

முடியும் என்று நம்பக் காரணங்கள் உண்டு. சுனாமியும் போரும் இந்த நாட்டுக்கு, குறிப்பாக வடக்கு கிழக்குக்கு, உளவளத்துணையாளர்களின் ஒரு தலைமுறையைத் தந்துவிட்டுப் போயின. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்தன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. புற்றுநோய்க் கிளினிக்குக்கும் இவர்களுக்கும் இடையில்தான் வழியில்லை. ஒரே வளவுக்குள் இரண்டும் இருந்தாலும், முன்னதிலிருந்து பின்னதற்குப் பராமரிப்பவரை அனுப்பி வைக்க ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

ஆளணி போதாது என்றால் அதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐந்து அமர்வுத் திட்டம் ஒன்றை, நிபுணரல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணமானவர்களே நடத்தலாம். மோதல்களால் பாதிக்கப்பட்ட பாகிஸ்தானின் பெஷாவரில் அதைப் பரிசோதித்தபோது மனப்பதற்றமும் சோர்வும் குறைந்தன. கடலுக்கு அப்பால் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அயலவர்களையே தொண்டர்களாகப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்பியது. 2008இல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது.

எங்களிடமும் ஆவணம் இருந்தது. தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019–2023 காலத்துக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பு மூலோபாயச் சட்டகத்தை வெளியிட்டது. அதன் காலத்துக்குள்தான் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் வந்தன. அம்மாவின் நோயும் அதே காலத்துக்குள்தான் வந்துபோனது. அந்தக் காகிதத்திலிருந்து ஒரு வரிகூட எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து சேரவில்லை.

பெரிய கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. முடிவு சொல்லும் நாளன்று கிளினிக் கொப்பியில் பராமரிப்பவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதட்டும். ஒரு வாரத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர், அவருடைய மொழியில், அவரை அழைக்கட்டும். நோயாளி இறந்த பிறகும் ஒரு முறை அழைக்கட்டும். பஸ் செலவுக்கு வழியில்லாதவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது கேலியாகிவிடும். ஆகவே அந்த அழைப்பை எடுப்பவருக்குப் பிரதேச செயலகத்தின் உதவிகளுக்கு வழிகாட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை, தாங்க முடியாதவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

கைப்பை

அம்மா 2023 மே மாதம் இறந்தார். முப்பத்தொன்று முடிந்து அவருடைய கைப்பையை அக்கா ஒழுங்குபடுத்தும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கூட இருந்தாள். தாதியப் பயிற்சி மாணவி. கிளினிக் கொப்பியைக் கண்டதும் அவள் அழத் தொடங்கினாள். நோய் தெரிந்த இரண்டாம் மாதமே அம்மா அந்தக் கொப்பியை அவளிடம் காட்டி, வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துகளுக்கு என்ன அர்த்தமென்று கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள். “மூத்தவளுக்குச் சொல்லிப்போடாதை. அவள் தாங்கமாட்டாள்” என்றாராம் அம்மா. நான் சொன்ன அதே சொல்.

அதன் பிறகுதான் அக்காவின் நித்திரை முற்றாகப் போனது. ஒரு நண்பர் மூலம் கிடைத்த உளவளத்துணையாளரோடு ஆறு வாரங்கள் பேசினார், பாதி நேரில், பாதி தொலைபேசியில். படபடப்பு குறைந்தது. நித்திரை மெதுவாக வந்தது. மூன்றாவது அமர்வில் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டதாம்: “சொல்லக்கூடாது என்று தீர்மானித்தது யார்?” அன்று இரவு அக்கா எனக்கு அழைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, நீர் சொன்னனீர் எண்டுதான் நான் சொல்லேல்லை. அதை நான் மட்டும் வைச்சிருக்கேலாது” என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: “நீங்கள் சாப்பிட்டனீங்களா, அக்கா?”