மகன் அனுப்பிய இயர்போனும் மனைவி போட்ட சத்தமும்

போன வருடம் பொங்கலுக்கு மகன் எனக்கு ஒரு ப்ளூடூத் இயர்போன் வாங்கி அனுப்பினான். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு குமிழ்கள், அவற்றை வைக்க ஒரு டப்பி. "இனிமே வயர் சிக்குற தொல்லை இல்லப்பா" என்று போனில் சொன்னான். உண்மைதான். வேலையில் இருந்தவரை ஃபைல் கட்டும் நாடாவோடு மல்லுக்கட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஹெட்போன் வயரைப் பிரிப்பதே என் வேலையாக இருந்தது.

முதல் வாரம் சந்தோஷமாகப் போனது. பிறகு சந்தேகங்கள் வந்தன. வீட்டுக்குள் நன்றாகப் பாடும் கருவி, காலையில் வயல் பக்கம் நடக்கும்போது ஏன் விட்டு விட்டுப் பாடுகிறது? இன்ஜினியரிங் படிக்கும் பேரன் விளக்கினான். ப்ளூடூத் அலை நம் உடம்பைத் தாண்டச் சிரமப்படுமாம்; உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வந்துவிடுகிறது. வெட்டவெளியில் திருப்பிவிடச் சுவர் இல்லை. செல்போனைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றினேன்; பாதித் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு சந்தேகம். பாட்டு தேனாக இருக்கிறது. மகன் பேசினால் மட்டும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. பாட்டுக் கேட்கும்போது அலை முழுவதும் ஒரே திசையில் வருகிறது. நாம் பேசுவதையும் அனுப்ப வேண்டி வந்தால் பெரும்பாலான கருவிகள் வேறு முறைக்கு மாறி, ஒலியைச் சுருக்கிவிடுகின்றன. சி.டி.யில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள். பேச்சு முறையில் 8,000 அல்லது 16,000தான். குமிழைக் கழற்றிவிட்டு செல்போனையே காதில் வைத்துப் பேசினால் மகன் குரல் தெளிவாக வரும்.

இந்த விளக்கத்தில் எனக்கு ஒரு ரகசிய நிம்மதி. குறை கருவியில்தான், என் காதில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பாட்டும் மங்கலாகத் தெரிந்தபோது சத்தத்தைக் கூட்டினேன். பிறகு இன்னும் கூட்டினேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். திண்ணையில் சாய்ந்து, இரண்டு காதிலும் குமிழைச் செருகிப் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து தோளைத் தட்டினாள். "தாத்தா, ஆச்சி கெணத்தடில விழுந்து கெடக்காங்க, ஒங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க." ஓடினேன். பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பக்கத்து வீட்டுக்குக் கேட்ட குரல் எனக்குக் கேட்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பும்போது காரில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஏங்க, முன்னாடி காதுல வயர் தொங்கும். நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும், கிட்ட வந்து சொல்லுவேன். இப்ப கேக்குதா கேக்கலியான்னே தெரிய மாட்டேங்குது." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். தாழ்ந்த ஓசைகள் கேட்கின்றன. கீச்சென்ற உயர்ந்த ஓசைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குமாம். அதனால் பேச்சில் உயிரெழுத்துகள் கேட்கும், ச, த போன்ற வல்லினங்கள் நழுவும். பேசுவது கேட்கும், என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. அதைச் சரிசெய்யச் சத்தத்தைக் கூட்டினால் எல்லா ஓசையும் சேர்ந்து ஏறி, மிச்சமிருப்பதையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் காது மந்தமானவருக்கு 'மலாந்தாந்தான்' என்று பெயர். மனஸ்தாபம், தப்பபிப்பிராயம் என்பதற்கு 'மலாந்தாந்த்யு'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை: சரியாகக் கேட்காதவர், சரியாகக் கேட்கப்படாதது. பள்ளியில் மனப்பாடம் செய்த சொற்களுக்கு எழுபது வயதுக்கு மேல்தான் பொருள் விளங்கியது. இரண்டு வருடமாக "நான் சொல்றத மதிக்கவே மாட்டீங்க" என்று அவள் குறைப்பட்டதும், "நீ சொல்லவே இல்லையே" என்று நான் எரிந்து விழுந்ததும் எங்கிருந்து வந்தன என்று புரிந்தது.

கொற்கைக்கு மருமகனாக வந்த புதிதில், சங்கு குளித்த பெரியவர் ஒருவர் சொன்னது ஞாபகம் வருகிறது. நம் கடலில் முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனது. அவர் இரண்டையும் பார்த்தவர். கீழே இறங்கியவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்தபடியே இருப்பாராம். கயிறு அசைந்ததும் தூக்கிவிட வேண்டும். அந்த வேலைக்கு மச்சினனைத்தான் வைப்பார்களாம். கூடப்பிறந்தவள் தாலி அவன் கையில் என்பதால் கண்ணயர மாட்டான். எங்கள் வீட்டில் அன்று கயிறு அசைந்தது. பிடித்திருக்க வேண்டியவன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வயரில்லாத கருவி கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றும் வைத்திருக்கிறேன். வீட்டில் ஆள் இருந்தால் ஒரு காதில் மட்டும் மாட்டுகிறேன். வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி அதிலேயே இருக்கிறது. பேரன் போட்டுக் கொடுத்தான். சத்தம் பாதிக்கு மேல் போவதில்லை. பேச்சுக்குத் தனியாகச் செவித்துணைக் கருவி வாங்கிக்கொண்டேன். அதை மாட்டக் கூச்சமாக இருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது இல்லாத கூச்சம், இதற்கு மட்டும் ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு இயர்போன் வாங்கித் தருவதற்கு முன், அவர்களை ஒரு தடவை காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மங்கலாகக் கேட்கிறது என்று அவர்கள் சொன்னால், கருவியை மாற்றித் தருவதோடு விட்டுவிடாதீர்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் அதேதான். குறை கருவியிலும் இருக்கலாம், காதிலும் இருக்கலாம். எனக்கு இரண்டிலும் இருந்தது. முதலாவதைப் பேசிப் பேசி, இரண்டாவதை மறைத்துவிட்டேன்.

மனைவிக்கு மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறாள். முதல் தடவை சொன்னபோதே கேட்டுவிட்டது.