பாதிரியார் வாக்கும் பெருக்கல் கணக்கும்

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகின்ற 21 இலக்க எண்ணானது, ஒன்றாலும் தன்னாலுமன்றி வகுபடாத பகா எண்ணென்று பிரஞ்சுப் பாதிரியார் மெர்சேன் 1644-இல் எழுதி வைத்தார். 232 வருஷ காலம் அவ்வாக்கைப் பொய்யென்று ருஜுப்பிப்பார் இல்லை. 1876-இல் லூக்காஸ் என்பவர் அது பகா எண் அல்லவென்று காட்டினார். 1903-இல் கோல் என்பவர், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் அதே எண்தான் வருமென்று அமெரிக்கக் கணித சங்கத்தின் முன் வைத்தார்.

இதற்காக மெர்சேனைப் பரிகசிக்க வேண்டியதில்லை. மனிதர் தவறுவது சகஜம். கோலையும் நம்பும்படி நாம் சொல்லவில்லை. சந்தேகமுள்ளவர் பென்சிலெடுத்துப் பெருக்கிப் பார்க்கட்டும். 2024-இல் கண்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணையுங்கூட வெவ்வேறு இயந்திரங்களில் சோதித்த பின்னரே ஒப்புக்கொண்டார்கள். சொன்னவர் யாரென்பதா, சோதனைக்கு நிற்கிறதா என்பதா, எது பெரிது? தோழர்களே யோசித்துப் பார்க்கட்டும்.