திறந்து பார்க்காமல் நீக்கிய பதிவு

சென்ற புதன் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பதிவை நீக்கினேன். திருச்சி வட்டாரத்தில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக நாங்கள் நான்கைந்து பேர் நடத்தும் டெலிகிராம் குழு அது. கல்லூரி மாணவர்கள், நவல்பட்டு ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர்கள், சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டாலும் ஊர் ஞாபகத்தை விடாதவர்கள் என்று சில நூறு பேர் இருக்கிறார்கள். அங்கே கண்டிப்பான விதி ஒன்றுதான்: சொந்த விளம்பரம் கூடாது.

அன்று வந்த பதிவு இது: “நான் ஒரு டூல் செஞ்சிருக்கேன். பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைலை யூனிகோடா மாத்தும். ஃப்ரீதான். பாத்துட்டு சொல்லுங்க.” கீழே ஒரு லிங்க். குழுவில் சேர்ந்து இரண்டு நாள்கூட ஆகாத பெயர்; முதல் பதிவே லிங்க். விரல் தானாக ‘டெலீட்’டுக்குப் போய்விட்டது.

காலையில் தனிச்செய்தி வந்திருந்தது. “அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

அதற்குப் பிறகுதான் லிங்கைத் திறந்தேன். துறையூர்ப் பக்கத்துப் பையன். அப்பா டிடிபி கடை வைத்திருக்கிறார். இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக நோட்டீசுகள், கருமாதிக் கார்டுகள் எல்லாம் பாமினியில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். அதைத் தமிழாக மீட்க எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு ‘க’, அதன்பின் கால். யூனிகோடில் ‘க’ முன்னால் வரவேண்டும். கொம்பைத் தூக்கி உரிய இடத்தில் வைப்பது முதல் வேலை.

அதைவிடச் சிக்கல் ஔகாரம். பாமினியில் ஔகாரத்தின் வால்பகுதியும் ‘ள’ என்ற எழுத்தும் ஒன்றே. ஆகவே ‘பௌர்ணமி’யை ‘பெளர்ணமி’ என்றும் ‘வௌவால்’ என்பதை ‘வெளவால்’ என்றும் மாற்றித் தந்துவிடும் மாற்றிகள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. இந்தப் பையன் அப்பாவின் கோப்புகளிலிருந்தே ஔகாரச் சொற்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் செய்து, அதை வைத்துத் தீர்த்திருந்தான். எத்தனை இரவு உட்கார்ந்திருப்பான் என்பது நிரல் எழுதிப் பழகியவருக்குத் தெரியும். அதை நான் அரை நொடியில் விளம்பரம் என்று தள்ளியிருக்கிறேன்.

விதி காரணமில்லாமல் வந்ததல்ல. அது இல்லாத நாட்களில் ‘உங்கள் வேலையைப் பாதியாக்கும் பத்து ஏஐ டூல்கள்’ என்று ஒரே பதிவு ஐந்து பேரிடமிருந்து வரும். போட்டவர் திரும்பி வரவே மாட்டார். சந்தேகம் கேட்டவர்கள் காத்திருந்துவிட்டுப் போவார்கள். நல்ல கேள்விகள் மேலே போய் மறைந்துவிடும். பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மூத்தவர்கள் இரண்டு பேர் சொல்லாமலே விலகினார்கள். அப்போதுதான் விதியைப் போட்டோம்.

உலகம் முழுக்க இதே பாடுதான். ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்று ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு விழா. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்றிருந்தது. 2020-இல் நம் நாட்டிலிருந்து வந்த ஒரு பயிற்சிக் காணொளி, திருத்தம் அனுப்புவது எப்படி என்று எளிய உதாரணத்தோடு காட்டியது. பார்த்த மாணவர்கள் அதே உதாரணத்தை அப்படியே அனுப்பினார்கள். விளக்கக் குறிப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரி சேர்ப்பது, இருக்கிற இடைவெளியை நீக்குவது, இப்படி ஆயிரக்கணக்கில். சம்பளமில்லாமல் அந்தத் திட்டங்களைக் காப்பவர்கள் ராப்பகலாகக் குப்பை கூட்டினார்கள். விழா தொடங்கி மூன்றாம் நாளே, இனி விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்றவேண்டி வந்தது.

2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ‘எந்த டூல் நல்லது?’ என்ற கேள்விக்கே நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது. பதில்கள் ஆளுக்கொரு அபிப்பிராயமாகவும் விளம்பரமாகவும் முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்கும் தடை போட்டார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், உள்ளே தப்பாக இருக்கும், நொடியில் நூறு வரும். சரிபார்க்கிற ஆட்களோ கொஞ்சம். அடுத்த ஆண்டு அப்படிப்பட்ட பதிவுகளை நீக்கும் உரிமையை நிர்வாகம் சுருக்கியபோது, அந்தத் தன்னார்வலர்கள் ஜூன் மாதம் வேலைநிறுத்தமே செய்தார்கள். வாசலில் நிற்பவரின் களைப்பு எனக்குப் புரியாததல்ல.

ஆனாலும் அந்தப் பையனின் கேள்வி என்னை விடவில்லை. ‘தான் செய்ததைத் தானே சொல்லக்கூடாது’ என்ற விதி எல்லா இடத்திலும் இருந்திருந்தால் இன்று கணினியில் தமிழ் எப்படி வந்திருக்கும்? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, விசுவநாதன் உருவாக்கிய அழகி, எ-கலப்பை எல்லாம் தனி மனிதர்களும் சிறு குழுக்களும் வளர்த்தவை. இதுபோன்ற கருவிகளை ஊர் ஊராகச் சொல்ல யாரிடமும் விளம்பரப் பணம் இருக்கவில்லை. செய்தவர்கள் சொன்னார்கள், பயன்படுத்தியவர்கள் குறை சொன்னார்கள், அடுத்த பதிப்பு வந்தது. பெரிய நிறுவனத்தின் டூலைப் பற்றி ஊரே பேசும். அது யார் விதியையும் மீறாது. துறையூர்ப் பையனுக்கு அவன் வாய் ஒன்றுதான் துணை. சொந்த விளம்பரம் கூடாது என்ற விதி, யோசித்துப் பார்த்தால், எளியவன் மேல்தான் முழு எடையோடு விழுகிறது.

தனிச்செய்தி வந்த அன்று சாயங்காலம், இதே யோசனையோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனேன். தாயார் சன்னிதிக்கு எதிரே கம்பன் அரங்கேற்ற மண்டபம். நாலைந்து பிள்ளைகள் படியில் உட்கார்ந்து பிரசாதம் தின்றுகொண்டிருந்தார்கள். கம்பன் தன் ராமாயணத்தை இங்கேதான் சபை முன்னால் வைத்தான் என்பது ஊர் மரபு. இரணியன் வதையை எப்படிச் சேர்க்கலாம், வால்மீகியில் அது இல்லையே என்று பண்டிதர்கள் எதிர்த்தார்களாம். வாசித்துக் காட்டும்போது பக்கத்தில் மேட்டில் இருக்கும் அழகிய சிங்கர் என்ற நரசிம்மர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்று கதை. மேட்டழகிய சிங்கரை இன்றும் போய்ச் சேவிக்கலாம்.

பல முறை கேட்ட கதைதான். அன்று வேறொன்று கண்ணில் பட்டது. சபை கம்பனை வாசலில் நிறுத்தவில்லை. சுவடியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பவுமில்லை. படி என்றார்கள், கேட்டார்கள், கேட்ட பிறகு எதிர்த்தார்கள். காரணம் சொல்லி எதிர்த்தார்கள். கம்பனும் சுவடியை வைத்துவிட்டு நழுவிவிடவில்லை. கடைசிவரை எதிரே இருந்தான். அரங்கேற்றம் என்பதில் இந்த இரண்டு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்தவர் இருந்து பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டபிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். குழுவில் பதிவுகளைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் என் வேலைக்கு இணையத் தமிழில் ‘மட்டுறுத்தல்’ என்று பெயர் வைத்தார்கள். மட்டு என்றால் அளவு. அழிப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

இரவு மற்ற அட்மின்களோடு பேசினேன். விதியை மாற்றினோம். சொந்த டூலைப் பற்றித் தாராளமாக எழுதலாம். அது யாருக்காக, எதைத் தீர்க்கிறது, எங்கே தவறும் என்ற மூன்றையும் அவர்களே சொல்ல வேண்டும். காசு வாங்குவதாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று நாளாவது இருந்து கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். போட்டுவிட்டுக் காணாமல் போனால் பதிவு போகும். எங்களுக்கும் ஒரு விதி: லிங்கைத் திறக்காமல் எதையும் நீக்கக்கூடாது. நீக்கினால் காரணத்தை நீக்கியவர் தன் பெயரோடு எழுத வேண்டும். வேலை கூடும்தான். செய்ய முடியாத அளவுக்குப் பதிவுகள் வந்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வோம்.

பையனுக்கு எழுதினேன்: “தம்பி, தப்பு உன்மேல இல்ல. படிக்காம நீக்கிட்டேன். மன்னிச்சுக்கோ. திரும்பப் போடு, எங்கெல்லாம் தப்பு வரும்னு நீயே ஒரு வரி சேர்த்துப் போடு.”

வெள்ளிக்கிழமை போட்டான். அரை மணியில் முதல் ஆட்சேபம் வந்தது. மாற்றிய கோப்பில் ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றார் ஒரு பெண். காரணத்தை இன்னொருவர் கண்டுபிடித்தார். யூனிகோடில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக அமைக்கலாம், ஒன்று ‘ஸ’வை வைத்து, மற்றொன்று 2005-இல் சேர்த்த ‘ஶ’வை வைத்து. பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒரே வடிவம். இவன் டூல் ஒன்றைத் தந்தது, அவர் விசைப்பலகை இன்னொன்றைத் தந்தது. நம் ஊர்ப் பெயரிலேயே குறை இருந்திருக்கிறது.

“ராத்திரிக்குள்ள சரி பண்றேன் அக்கா” என்று எழுதினான். பத்தே காலுக்குச் சரிசெய்திருந்தான். அந்தப் பெண் மறுபடி தேடிவிட்டு எழுதினார்: “இப்ப ஸ்ரீரங்கம் கெடைக்குதுப்பா.”