கொலைக்கு ஒரு கணக்கு... லாரிக்கு ஒரு கணக்கு! திருமுக்கூடலில் பயம் எங்கே ஒளிஞ்சிருக்கு?

காஞ்சீபுரம் டவுனில் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போதும். அரை மணி நேரத்தில் மாவட்டம் முழுக்க பேச்சு பரவிடும். டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு, சலூன் கடை என்று எங்கே போனாலும் அதே கதைதான். ஆனால் வேலை முடிஞ்சு ராத்திரி நேரத்தில் திருமுக்கூடல் பாலாற்று பாலத்தை பைக்கில் தாண்டுகிற தொழிலாளிக்கு அரிவாள் பயம் கிடையாது. பின்னாடி ஹெட்லைட்டை பளிச்சென்று போட்டுக்கிட்டு ஆரன் அடிச்சு விரட்டி வருகிற டிப்பர் லாரிதான் பயம்.

குற்றம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா என்று கணக்கு போடுகிற யாரும் இந்த பயத்தை கணக்கில் எடுப்பதில்லை.

டவுன் ரவுடிகள்

காஞ்சீபுரத்துக்கு கெட்ட பெயர் வந்தது டவுன் கதைகளால்தான். 2004-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந்தேதி வரதராஜ பெருமாள் கோவில் வளாகத்துக்குள்ளேயே மேலாளர் சங்கரராமன் வெட்டிக்கொல்லப்பட்டார். நாடே திரும்பிப் பார்த்த வழக்கு அது. 2013 நவம்பரில் புதுச்சேரி கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. அப்போ கொன்றது யார்? இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

அதன் பிறகு ரவுடி ஸ்ரீதர் காலம். வெளிநாட்டில் பதுங்கி இருந்தபடியே ஆட்டிப்படைத்தவர் என்று போலீசால் சொல்லப்பட்டவர், 2017 அக்டோபரில் கம்போடியாவில் இறந்தார். ஆள் போனாலும் கோஷ்டி மோதல் போகவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் ஒரு கொலை நடந்த மறுநாளே, அந்த வழக்கில் தேடப்பட்ட 2 பேரை போலீசார் சுட்டுக்கொன்றனர்.

இதெல்லாம் தலைப்புச் செய்தி. ஆனால் இந்த கோஷ்டிகளோடு எந்த கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு கூலித்தொழிலாளிக்கு, நெசவாளிக்கு, கம்பெனி பஸ்சுக்கு நிற்கிற பெண்ணுக்கு அரிவாள் வெட்டு விழுகிற வாய்ப்பு குறைச்சல்தான். ரோட்டில் அடிபட்டு சாகிற வாய்ப்பு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு நடந்த கொலைகள் 1,690. அதே வருஷம் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,884 பேர். பத்து மடங்குக்கும் மேல்! 2023-ல் விபத்து சாவு இன்னும் ஏறி 18 ஆயிரத்தை தாண்டியது.

கணக்கில் கோளாறு

மத்திய அரசின் தேசிய குற்ற ஆவண காப்பகம் வருஷா வருஷம் குற்றப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதில் நகரம் நகரமாக தனி அட்டவணை போடுவது 20 லட்சம் ஜனத்தொகைக்கு மேல் இருக்கிற பெருநகரங்களுக்கு மட்டும்தான். சென்னைக்கு உண்டு, கோவைக்கு உண்டு. 2021-ல்தான் மாநகராட்சி ஆன காஞ்சீபுரம் மாவட்டக் கணக்கோடு கலந்துவிடும். திருமுக்கூடல் மாதிரி கிராமத்தை அதில் தேடினால் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரே எப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தாலும், அதில் எது பெரிய குற்றமோ அதை மட்டும்தான் புள்ளிவிவரத்தில் எண்ணுவார்கள். கொள்ளையடிச்சு கொலையும் பண்ணினால் கணக்கில் ஒரு கொலை. கொள்ளை காணாமல் போயிடும்.

லாரி மோதி ஒருத்தர் செத்தால்? அது 'கவனக்குறைவால் மரணம்'. முன்பு இந்திய தண்டனை சட்டம் 304-ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 106-வது பிரிவு. இதுவும் குற்றப் பட்டியலில் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'சட்டம்-ஒழுங்கு' என்று மேடையில் பேசுகிற எந்த கட்சிக்காரரும் இந்த வரியை படிச்சதாக தெரியவில்லை. மோதிவிட்டு சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் ஜெயில் என்று அதே 106-ல் ஒரு உட்பிரிவு உண்டு. லாரி டிரைவர்கள் போராட்டத்துக்கு பிறகு அதை மட்டும் அமலுக்கு கொண்டுவராமல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

மணலும் மலையும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால்தான் ஊருக்கே திருமுக்கூடல் என்று பெயர். மூன்று ஆறு கூடினால் மணல் கூடும். மணல் கூடினால் கண் கூடும். மாட்டு வண்டியில் ஆரம்பிச்சு டிராக்டர், டிப்பர் என்று வளர்ந்த தொழில் இது. மணல் குறைய குறைய 'எம்-சாண்ட்' வந்தது. சுற்றியுள்ள மதூர், பழவேரி, சிறுதாமூர் பக்கம் கல்குவாரி, கிரஷர் பெருகியது. ஆற்றில் அடிச்ச பணம் மலைக்கு போச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். லாரி என்னவோ அதே ரோட்டில்தான் ஓடுது.

2022 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். உயிர்ப்பலியும் நடந்தது. அது கொலைக் கணக்கிலும் வராது, ரோடு விபத்துக் கணக்கிலும் வராது.

மணல் திருட்டு விஷயத்தில் சட்டம் பல் இல்லாதது கிடையாது. கனிம வள சட்டத்தை 2015-ல் திருத்தி தண்டனையை 5 வருஷமாக உயர்த்தினார்கள். ஆனால் அந்த சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அதிகாரம் கொடுக்கப்பட்ட அதிகாரி எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் கோர்ட்டு விசாரிக்க முடியும். அதனால் போலீஸ் கைகட்டி நிற்கணுமா என்றால், இல்லை. மணல் அள்ளுவது திருட்டு, அதற்கு திருட்டு பிரிவில் போலீசே வழக்கு போடலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குண்டர் சட்டத்திலும் மணல் திருடர்களுக்கு தனி இடம் உண்டு. ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம்.

பிறகு ஏன் ஒழியவில்லை? பிடிபடுவது பெரும்பாலும் டிரைவர். முதலாளி பெயர் எப்.ஐ.ஆரில் ஏறுவது அபூர்வம். போதாததுக்கு இது எல்லைக்கோட்டு ஊர். ஆற்றுக்கு அந்தப்பக்கம் பழையசீவரம் வாலாஜாபாத் வட்டம். இந்தப்பக்கம் உத்திரமேரூர் வட்டம். கொஞ்ச தூரம் கீழே போனால் 2019-ல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டமே வந்துடும். ராத்திரி ஒரு லாரிக்கு எல்லை தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

சாட்சி சொல்ல ஆள் வராததையும் குறை சொல்ல முடியாது. 2018-ல் நாங்குநேரி பக்கம் மணல் கும்பலை தடுக்கப் போன போலீஸ்காரரே கொல்லப்பட்டார். 2023 ஏப்ரல் 25-ந்தேதி தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அதிகாரியை பட்டப்பகலில் ஆபீசுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். மணல் கடத்தல் பற்றி புகார் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் சட்டவிரோத கல்குவாரியை எதிர்த்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். முதலில் விபத்து மாதிரிதான் தெரிந்தது. இதை எல்லாம் பேப்பரில் படிச்ச கிராமத்து ஆள் வாயை திறப்பானா?

கல்லில் எழுதின கணக்கு

வேடிக்கை என்னவென்றால், யாரை உள்ளே விடக்கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்லில் வெட்டி வைத்த தாலுகா இது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டில், பிறர் பொருளை திருடினவனும், கணக்கு காட்டாதவனும், அவன் சொந்தக்காரனும் குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று இருக்கு. திருமுக்கூடல் வெங்கடேச பெருமாள் கோவில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே 15 படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்த விவரம் இருக்கு. இன்னைக்கு இங்கே ரோட்டில் பலமாக அடிபட்டால் செங்கல்பட்டு ஜி.எச்.சுக்கு ஆம்புலன்சில் ஓடணும்.

புகார் கொடுக்கிறவங்க கவனிக்க...

எந்த எல்லையில் சம்பவம் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறை சட்டம் 173-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு.

அதிக பாரம் ஏற்றுகிற லாரிக்கு 2019 திருத்தப்படி அபராதம் 20 ஆயிரம் ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2 ஆயிரம். பாலத்து முனையில் ஒரு எடை மேடையும் நேர்மையான ஒரு அதிகாரியும் இருந்தால் ஒரே ராத்திரியில் எவ்வளவு தேறும் என்று யாராவது கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

மோதின வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் நஷ்டஈடு உண்டு. இது நிறைய பேருக்கு தெரியாது. 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். அதற்கு முன்பு வெறும் 25 ஆயிரமும் 12,500-ம்தான். எப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி சீட்டு, இறந்திருந்தால் பிரேத பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை பத்திரமாக வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கணும்.