பரீட்சை உண்டு; பாடம் இல்லை!

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பொதுப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் “ஆங்கிலம் கற்கும் மாணவர்கள்” என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை! இவர்களுடைய வீட்டில் பேசும் மொழி வேறு. பள்ளியில் பாடம் நடக்கும் மொழி வேறு. ஒவ்வொரு வருஷமும் இவர்கள் ஆங்கிலம் கேட்கவும் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்று தனியாகப் பரீட்சை கொடுத்தாக வேண்டும். இது அந்நாட்டின் சட்டம்.

2025-ம் ஆண்டில் இக்குழந்தைகளின் விஷயத்தில் வாஷிங்டன் சர்க்கார் செய்தது என்ன? பரீட்சைச் சட்டத்தை அது தொடவில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக இருந்த ஏற்பாடுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி எறியத் தொடங்கியது.

நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

மார்ச் 1-ந் தேதி, ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். ஆங்கிலம் தெரியாத மக்களுக்கும் சர்க்கார் சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000-ம் ஆண்டில் கிளிண்டன் பிறப்பித்திருந்த உத்தரவு அத்துடன் ரத்தாயிற்று. அதே மாதத்தில் மத்திய கல்வி இலாகாவில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. 4,100 பேருக்கு மேல் இருந்த இலாகாவைப் பாதியாக்குவது திட்டம். ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்காகவே இருந்த தனிப் பிரிவு அநேகமாகக் காலி செய்யப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்குறைப்பைத் தொடரலாம் என்று ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் வழிவிட்டது.

ஜூலை 1-ந் தேதி மாநிலங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய கல்விப் பணம் பல நூறு கோடி டாலர் நிறுத்தி வைக்கப்பட்டது. இக்குழந்தைகளுக்காக ஒதுக்கப்பட்ட சுமார் 89 கோடி டாலரும் அதில் அடக்கம். மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் குரல் எழுப்பினார்கள். ஆளும் கட்சியின் செனட்டர்களிலேயே சிலர் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான், மாதக் கடைசியில், பணம் விடுவிக்கப்பட்டது. ஆனால் 2026-ம் நிதியாண்டுக்கு டிரம்ப் சர்க்கார் வைத்த பட்ஜெட் யோசனையில் இந்த 89 கோடிக்கு எதிரே எழுதப்பட்டிருந்தது பூஜ்யம்!

ஆகஸ்டில் இன்னொரு அடி விழுந்தது. இக்குழந்தைகளுக்குப் பள்ளிகள் ஆற்ற வேண்டிய சட்டபூர்வமான கடமைகளை விளக்கி, நீதி இலாகாவும் கல்வி இலாகாவும் கூட்டாக 2015-ம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி வாபஸ் பெறப்பட்டது. உதவி தேவைப்படும் குழந்தையை எப்படி அடையாளம் காண்பது, தகுதி பெற்ற ஆசிரியரை நியமிப்பது, அவசியமின்றித் தனி அறையில் ஒதுக்கி வைக்காமல் இருப்பது, பெற்றோருக்குப் புரிகிற மொழியில் தகவல் சொல்வது ஆகிய விஷயங்களைத்தான் அது சொல்லிற்று. இவற்றில் எது தேசத்துக்கு விரோதமானது?

89 கோடி டாலர் என்பது கேட்பதற்குப் பெரிய தொகை. 50 லட்சம் குழந்தைகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: தலைக்கு வருஷத்துக்கு 180 டாலர்கூட வராது. உலகத்திலேயே பெரிய யுத்த பட்ஜெட் போடும் சர்க்கார் இந்தச் சில்லறையில்தான் சிக்கனம் பிடிக்கப் பார்த்தது.

யார் இந்தக் குழந்தைகள்? நேற்று எல்லை தாண்டி வந்தவர்கள் என்று ஆளும் கூட்டம் சித்திரம் தீட்டுகிறது. உண்மை வேறு. இவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், அந்நாட்டுப் பிரஜைகள். நான்கில் மூன்று பேர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அரபு, சீனம், வியட்நாமியம் பேசுகிறவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் வயல்களில் காய்கனி பறிக்கிறவர்கள், நெப்ராஸ்காவிலும் கன்சாஸிலும் இறைச்சித் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்து நிற்கிறவர்கள், பெரிய நகரங்களில் கட்டிடம் கட்டுகிறவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் - இவர்களுடைய மக்கள்தான் அந்த வகுப்புகளில் திரளாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோரின் உழைப்பு வேண்டும். பிள்ளையின் படிப்பு மட்டும் செலவுக் கணக்கா?

இந்த உரிமைகளை எந்தச் சர்க்காரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. 1968-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான மெக்ஸிக வம்சாவழி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்தார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்ற நிலையை எதிர்த்தார்கள். இருமொழிக் கல்வி கேட்டார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனக் குழந்தைகள் சுமார் 1,800 பேர் எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ம் ஆண்டில் “லாவ் எதிர் நிக்கல்ஸ்” என்ற அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது; புரியாத மொழியில் பாடம் நடத்துவது பாடம் மறுப்பதற்குச் சமம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1982-ம் ஆண்டில் இன்னொரு வழக்கில், குடியேற்றப் பத்திரம் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று அதே கோர்ட் டெக்ஸாஸ் மாநிலத்துக்குச் சொல்லிற்று.

இடையில், 1981-ம் ஆண்டில், டெக்ஸாஸிலிருந்து வந்த “காஸ்டனேடா” வழக்கில் மேல்முறையீட்டுக் கோர்ட் மூன்று கேள்விகளை வகுத்தது. பள்ளி கையாளும் முறைக்குக் கல்வி இயலில் ஆதாரம் உண்டா? அதை நடத்தப் போதுமான ஆசிரியரும் பொருளும் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பலன் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைக்காவிட்டால் முறை மாற்றப்படுகிறதா?

பள்ளிகளைப் பார்த்து கோர்ட் கேட்ட இந்தக் கேள்விகளை நாம் வாஷிங்டனைப் பார்த்துக் கேட்கிறோம். முதற் கேள்விக்குப் பதில்: வழிகாட்டி வாபஸ். இரண்டாம் கேள்விக்குப் பதில்: பட்ஜெட் யோசனையில் பூஜ்யம். மூன்றாம் கேள்விக்குப் பதில்: கண்காணிக்க வேண்டிய பிரிவே காலி. மிச்சம் இருப்பது பரீட்சை ஒன்றுதான்!

அந்தப் பரீட்சையின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். 2002-ம் ஆண்டில் புஷ் சர்க்கார் கையெழுத்திட்ட கல்விச் சட்டம், 2014-ம் ஆண்டுக்குள் நாட்டின் எல்லாக் குழந்தைகளும் ஆங்கில வாசிப்பிலும் கணக்கிலும் தேறிவிட வேண்டும் என்றது. ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் தனித் தொகுதி. அத்தொகுதி தேறாவிட்டால் பள்ளியே தேறவில்லை என்று முத்திரை. ஆனால் ஆங்கிலம் கைவந்த குழந்தை அத்தொகுதியை விட்டுப் போய்விடுகிறது. அதன் இடத்தில் புதிதாக வந்த குழந்தை உட்காருகிறது. தேறியவனை வெளியே அனுப்பிவிட்டு, மிஞ்சியவனைக் காட்டி “இந்த வகுப்பு தேறவில்லை” என்று சொல்வது என்ன நியாயம்? தேறியவர்களையும் சில வருஷங்களுக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு சலுகை கொடுத்தார்கள். அச்சட்டத்துக்குப் பதிலாக 2015-ம் ஆண்டில் வேறு சட்டமும் வந்தது. வருஷாந்தரப் பரீட்சை மட்டும் போகவில்லை. இருமொழிக் கல்விக்காக 1968-ல் பிறந்த சட்டம் 2002-ல் மறைந்தபோது, சர்க்கார் அலுவலகத்தின் பெயர்ப் பலகையிலிருந்து “இருமொழி” என்ற சொல்லும் மறைந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

புதிதாக வந்த குழந்தைக்கு முதல் வருஷத்தில் ஆங்கில வாசிப்புப் பரீட்சையிலிருந்து ஒரு தடவை விலக்கு கொடுக்கலாம். கணக்குப் பரீட்சைக்கு அந்த விலக்கு கிடையாது. குழந்தைக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். ஆனால் கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாது. பூஜ்யம் வாங்குகிறது. அதற்குக் கணக்குத் தெரியாது என்று ஏட்டில் ஏறுகிறது. அந்தப் பூஜ்யம் யாருடையது?

டெக்ஸாஸில் இன்னொரு கூத்து. இக்குழந்தைகளின் ஆங்கிலப் பேச்சை முன்பு வகுப்பாசிரியரே கேட்டு மதிப்பிட்டு வந்தார். 2018-ம் ஆண்டு முதல் குழந்தை காதில் கருவியை மாட்டிக்கொண்டு கணினியிடம் பேச வேண்டும் என்று மாற்றினார்கள். உயர்ந்த மதிப்பு பெறுவோரின் தொகை மளமளவென்று சரிந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்த மாநிலத்துக் குழந்தைகளின் நாக்கு மரத்துவிட்டதா? அல்லது அளவுகோல் மாறிவிட்டதா? மதிப்புக் குறைந்தால் குழந்தை அந்தப் பட்டியலை விட்டு வெளியேற முடிவதில்லை. பட்டியலில் இருக்கும் வரை மற்றவர்கள் விரும்பிப் படிக்கும் பாடங்கள் பலவற்றுக்கு அதன் நேர அட்டவணையில் இடம் கிடைப்பதில்லை.

இதில் லாபம் காண்பவர்களும் உண்டு. டெக்ஸாஸ் மாநிலம் தன் பரீட்சைகளை நடத்தித் தர, 2010-ம் ஆண்டையொட்டிய ஐந்து வருஷத்துக்கு, பியர்ஸன் என்ற கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பிய தொகை சுமார் 47 கோடி டாலர். நாடு முழுவதுக்கும் இக்குழந்தைகளின் பாடத்துக்கு மத்திய சர்க்கார் ஒரு வருஷத்தில் ஒதுக்கும் தொகை 89 கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆளும் வர்க்கத்துக்கு எதில் அக்கறை என்பது விளங்கும்.

“அமெரிக்காவில் வாழ்பவன் ஆங்கிலம் கற்க வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். கற்கத்தான் வேண்டும்! அந்தத் தொழிலாளிகளே தங்கள் பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்படுகிறார்கள். அதற்காகத்தானே கோர்ட்டுக்குப் போனார்கள்? ஆனால் மொழி உத்தரவினால் வருவதில்லை, ஆசிரியரால் வருகிறது, காலத்தால் வருகிறது. பாடப் புத்தகத்துக்கு வேண்டிய ஆங்கிலம் கைவர 4 முதல் 7 வருஷங்கள் ஆகும் என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கெஞ்ஜி ஹகுட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-ம் ஆண்டில் எழுதினார்கள். அந்த இடைக்காலத்தில் கணக்கும் விஞ்ஞானமும் தாய்மொழியின் துணையோடு நடந்தால் குழந்தை பின்தங்காது.

கலிபோர்னியா இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1998-ம் ஆண்டில் “ஆங்கிலம் மட்டுமே” என்ற கூச்சலோடு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, இருமொழிக் கல்வியை அநேகமாக முடக்கினார்கள். 2016-ம் ஆண்டில் அதே மாநில மக்கள் வாக்களித்து அந்தத் தடையை நீக்கினார்கள். ஆதரித்தவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்! 2000-ல் தடை போட்ட அரிஸோனாவில் இன்னும் தடை நிற்கிறது. 2002-ல் தடை போட்ட மஸாசூஸெட்ஸ் 2017-ல் சட்டம் இயற்றி அதைத் தளர்த்தியது.

பல மொழிகள் பேசும் தேசத்தில் ஒரு மொழியைக் கட்டாய ஆட்சிமொழியாகத் திணிப்பதை லெனின் 1914-ம் ஆண்டிலேயே எதிர்த்து எழுதினார். பொது மொழியின் தேவையைப் பொருளாதார வாழ்வே மக்களுக்கு உணர்த்தும். பலாத்காரம் வெறுப்பைத்தான் வளர்க்கும் என்பது அவருடைய வாதம். தாய்மொழிக் கல்விக்காக நிற்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின் எதற்காக இந்தப் பிடிவாதம்? பரீட்சை மட்டும் நின்று பாடம் போய்விட்டால், சர்க்காரின் குற்றம் குழந்தையின் குற்றமாக மாறிவிடுகிறது. பணம் கொடுக்காதவன் தப்பித்துக்கொள்கிறான். மதிப்பெண் வாங்காதவன் மாட்டிக்கொள்கிறான். “இவர்களுக்குப் படிப்பு ஏறாது” என்று வெள்ளைத் தொழிலாளியிடம் சொல்லலாம். “உன் வாத்தியார் சரியில்லை” என்று குடியேறிய தொழிலாளியிடம் சொல்லலாம். இருவரும் ஒரே ஆலையில், ஒரே முதலாளியிடம் ஏமாறுகிறார்கள் என்பதை மறைக்கலாம். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாத, புகார் எழுதத் தெரியாத தொழிலாளியால் முதலாளிக்கு நஷ்டமில்லை. பள்ளிகளில் குடியேற்றப் போலீஸ் கைது செய்வதைத் தடுத்து வந்த விதியை 2025 ஜனவரியில் நீக்கியதும் இதே கொள்கையின் இன்னொரு முகம்தான். பயத்தில் வீட்டோடு இருக்கும் குழந்தைக்கு எந்த மொழி வரும்?

ஆனால் அமெரிக்க ஆசிரியர்கள் கைகட்டி நிற்கவில்லை. 2012-ம் ஆண்டில் சிகாகோ ஆசிரியர்கள் ஏழு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாணவர் மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை எடை போடும் முறை முக்கியப் பிரச்னையாக இருந்தது. 2014-ம் ஆண்டு மே தினத்தன்று, நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் புதிதாகக் குடியேறிய மாணவர்களுக்கென்றே உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியர்கள், ஆசிரியரை மதிப்பிடுவதற்காக வைக்கப்பட்ட ஆங்கிலப் பரீட்சையை நடத்த மறுத்தார்கள். எங்கள் மாணவர்களுக்கு இன்னும் எட்டாத மொழியில் பரீட்சை வைத்து அவர்களை அவமானப்படுத்த மாட்டோம் என்பது அவர்களுடைய நிலை. பெற்றோரிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். மே தினத்துக்கு ஏற்ற காரியம்!

வேண்டியது என்ன? இக்குழந்தைகளுக்கான ஒதுக்கீடு வெட்டப்படாமல் உயர வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், குறிப்பாக இருமொழி ஆசிரியர்கள், போதுமான எண்ணிக்கையில் நியமிக்கப்பட வேண்டும். பறித்த வழிகாட்டியைத் திருப்பித் தர வேண்டும். குழந்தைக்கு அடுத்து எதைக் கற்பிப்பது என்று ஆசிரியருக்குக் காட்டுவதற்காகப் பரீட்சை இருக்கட்டும்; பள்ளியைத் தண்டிக்கவும் ஆசிரியரை மிரட்டவும் குழந்தையை ஒதுக்கவும் அது பயன்படக் கூடாது. பள்ளி வாசலில் போலீஸ் நிற்கக் கூடாது.

இக்கோரிக்கைகளுக்காக அங்கே போராடும் ஆசிரியர்களுக்கும் குடியேறிய உழைப்பாளி மக்களுக்கும் நமது தோழமையைத் தெரிவிக்கிறோம். குழந்தைக்கு விடைத்தாளைக் கொடுக்கும் சர்க்கார், அதற்கு முன் புத்தகத்தையும் ஆசிரியரையும் கொடுக்க வேண்டும். கொடுக்காத சர்க்கார்தான் இந்தப் பரீட்சையில் தோற்றது, குழந்தையல்ல.