தீயை அறிந்தவர்கள்

காட்டுக்குத் தீ வைப்பவர் குற்றவாளி என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஆர்னெம் லேண்டின் பூர்வகுடிகளுக்கு அதுவே காடு காக்கும் முறை. மழைக்காலம் ஓய்ந்த கையோடு, புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே திட்டுத் திட்டாகத் தீயிடுவார்கள். தாழ எரியும் அந்தத் தீ, இரவுப் பனியில் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மர உச்சிகள் கருகுவதில்லை. அம்மக்கள் நிலத்தைவிட்டு அகன்ற பின்னர், வறண்ட காலத்தின் கடைசியில் மூண்ட பெருந்தீக்கள் காட்டைச் சூறையாடின.

ஓவியரும் குடிமூத்தவருமான பர்தாயல் நாட்ஜமெர்ரெக் போன்றோர் அறிவியலாளர்களுடன் கைகோத்தனர். 2006-இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டரில் கூட்டுத் திட்டம் பிறந்தது. எங்கே, எப்போது எரிப்பது என்பதை மூத்தோர் அறிவார்கள். எரிந்த பரப்பைச் செயற்கைக்கோள் அளக்கிறது. பெருந்தீக்கள் அருகியதால் குறைந்த பசுங்குடில் வாயு வெளியேற்றத்துக்கு ஈடாக எரிவாயு நிறுவனம் ஒன்று பணம் தர, பூர்வகுடி இளைஞர்கள் சம்பளத்துடன் தங்கள் மண்ணைக் காத்தார்கள்.

அறிவைப் பகிர்வதென்றால் இதுதான். பழங்குடியினரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களை வாசலிலேயே நிறுத்துவது பகிர்வு ஆகாது. முடிவெடுக்கும் மேசையில் இடமும், உழைப்புக்கு ஊதியமும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும்.