ரெண்டு ரவுட்டர் இருந்தா போதுமா?

திருமழிசை சிட்கோ பக்கம் ஒரு கம்பெனி. ஒண்ணு படுத்தா இன்னொண்ணுன்னு ரெண்டு ரவுட்டர் போட்டாங்க. ஒரு நாள் டிஸ்பாட்ச் சர்வர் கிடைக்கல, லாரியெல்லாம் வாசல்ல. பழி கேபிள்மேல. (வேற யார்மேல?)

டிரேஸ்ரூட் போட்டா, பாக்கெட் ரெண்டுக்கும் நடுவுல பந்தாடுது. சர்வரோட ஒத்தை முகவரி, /32 ரூட். முதல் ரவுட்டர் அதை ரிப்புல கத்துக்கிட்டு ஓஎஸ்பிஎஃப்ல சொல்லுது. சிஸ்கோவில் ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைஞ்ச எண்ணுக்குத்தான் மரியாதை. ரெண்டாவது அதை நம்பி, திரும்ப ரிப்புக்குள்ளயே குறைஞ்ச மெட்ரிக்ல விட, முதலாவதுக்கு அதுவே கிட்டத்து வழியாப் போச்சு!

நான் சொல்றது இதுதாங்க: விடும்போதே டேக் ஒட்டுங்க, டேக்கோட வந்ததைத் திருப்பி விடாதீங்க. ரிப் 2, ஓஎஸ்பிஎஃப் ரெண்டுமே டேக்கைச் சுமக்கும். நாலு வரி கான்ஃபிக்.

அவங்களோ மூணாவது ரவுட்டருக்கு கொட்டேஷன் கேட்டிருக்காங்க.